தகரக் கப்பல்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நீங்கள் போட்டிருந்த தூத்துக்குடி ஹார்பர் படங்களைப் பார்த்தேன். நான் அங்கே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சரக்கு இறங்குவதைப் படம் எடுக்க எங்களுக்கு அனுமதி உண்டு. அந்தச் சாக்கில் கப்பலையும் போனில் எடுத்து, பிறகு கருப்பு வெள்ளையாக மாற்றுவேன். உங்கள் படத்தில் கப்பல் நம் மேல் சாய்கிற மாதிரி இருக்கிறது. என் படத்தில் திருவிழாக் கடைத் தகரக் கப்பல் மாதிரி இருக்கிறது. சிவப்பு அடிப்பாகமும் கடலும் ஒரே சாம்பலாகக் குழைந்துவிடுகின்றன. பேசாமல் கலரிலேயே விட்டுவிடலாமா?

எஸ்., வண்ணார்பேட்டை

அன்புள்ள தம்பி,

அந்தத் தகரக் கப்பலை நானும் எடுத்திருக்கிறேன். 1980-ல், கடன் வாங்கிய அக்ஃபா கிளிக் 3 கேமராவில். உள்ளே ஊட்டி அரசு ஆலை 'இந்து' என்ற பெயரில் போட்ட பிலிம். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். தூத்துக்குடி அப்போது எங்கள் திருநெல்வேலி மாவட்டம், 1986-ல்தான் பிரித்தார்கள். பழைய துறைமுகத்தில் கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். கரையில் நிற்கிறவனுக்குக் கப்பல் என்பது ஒரு கோடும் கொஞ்சம் புகையும். புதுத் துறைமுகம் வந்து, 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவித்த பிறகுதான் கைக்கெட்டும் தூரத்தில் கப்பலின் விலாவைப் பார்க்க முடிந்தது.

பார்த்த பரவசத்தில் நான் என்ன செய்தேன்? முழுக் கப்பலும் விழ வேண்டும் என்று பின்னாலேயே நடந்து நடந்து போய், பன்னிரண்டையும் எடுத்தேன். பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்த மாமா கழுவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏல, கப்பல எடுத்தியா, கடல எடுத்தியா?" படத்தில் கப்பல் தீக்குச்சி அளவு இருந்தது.

முழுசாகப் படத்தின் சட்டத்துக்குள் அடங்கிவிட்டால் கப்பல் சின்னதாகிவிடும். ஓரங்களில் வெட்டுப்பட்டால்தான் மிச்சத்தைப் பார்க்கிறவர் மனதில் கட்டிக்கொள்வார். அதற்கு அவருக்கு ஒரு அளவுகோல் கொடுக்க வேண்டும். ஆள் நின்றால் நல்லது. ஆள் இல்லாவிட்டாலும் கப்பலே ஒன்றை வைத்திருக்கிறது. அணியத்தில், அதாவது கப்பலின் முன்மூக்கில், எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று காட்ட, தண்ணீர் மட்டத்துக்கு மேலே வரிசையாக எண்கள் எழுதியிருக்குமே, நீங்கள் தினம் பார்ப்பது, அதில் ஒவ்வொரு எண்ணின் உயரமும் 10 சென்டிமீட்டர். ஒரு எண்ணின் அடியிலிருந்து அடுத்ததன் அடிவரை 20 சென்டிமீட்டர். நீங்கள் பார்த்த என் படத்தில் பலகையில் தொங்கியபடி ஒருவர் அந்த எண்களுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறார், ஞாபகம் இருக்கிறதா? அவர் உட்கார்ந்த உயரம் நாலரை எண். அவருக்கு மேலே பெயிண்ட் உதிர்ந்த இரும்பு போய்க்கொண்டே இருக்கிறது, நான் அதை முடியவிடவில்லை. சாய்கிற மாதிரி உங்களுக்குத் தெரிந்தது அதனால்தான். கப்பலைக் கரையில் கட்டுகிற வடங்களில் எலி ஏறாமல் இருக்க மாட்டுகிற வட்டத் தகடும் இப்படி உதவும். அதை ஓரமாக வைத்து எடுத்துப் பாருங்கள்.

இனி சாம்பல் விஷயம். மாமாவின் இருட்டறையில் ஒரு சிவப்பு பல்பு எரியும். இருட்டறை என்று பெயர், விளக்கு எரிகிறதே என்று கேட்டேன். "சிவப்பு இந்தத் தாளுக்குத் தெரியாதுடே" என்றார். ஆதி காலத்து பிலிம்களும் அப்படித்தான். சிவப்பைப் பார்க்காது, ஆகவே சிவப்பு கருப்பாக விழும். பழைய கப்பல் படங்களில் அடிப்பாகம் மை பூசியது போலவும் வானம் வெளுத்தும் இருப்பதற்கு அது ஒரு காரணம். பிறகு வந்த பிலிம் எல்லா நிறத்தையும் பார்த்தது. அப்போது சிவப்பும் கடல் பச்சையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாக இருந்தால் ஒரே சாம்பல்தான். உங்கள் போனுக்கும் அதே கோளாறு. ஒரே பொத்தானில் மாற்றாதீர்கள். நிறம் நிறமாகக் கூட்டிக் குறைக்கிற செயலியில் திறந்து, சிவப்பை மட்டும் கீழே இழுங்கள்; அடிப்பாகம் கருத்துக் கடலிலிருந்து பிரிந்துவிடும். நீலத்தை ரொம்ப இழுக்க வேண்டாம், வானம் புள்ளி புள்ளியாகப் பிசிறும்.

கலரிலேயே விடலாமா என்றால், தாராளமாக. கண்டெய்னர் அடுக்கு கலரில்தான் அழகு. எனக்குக் கருப்பு வெள்ளை எதற்கு என்றால் தகட்டுக்காக. கடல் அடித்து அடித்துக் கப்பலின் பக்கத்தகடுகள் உள்ளே குழிந்து, உள்சட்டங்கள் கோடு கோடாகத் தெரியும், பட்டினி கிடந்த மாட்டின் விலா மாதிரி. கலரில் கண் பெயிண்டுக்குப் போய்விடும், விலாவைப் பார்க்காது. அதற்கு வெயில் தகட்டை உரசிக்கொண்டு போக வேண்டும். நம் ஊரில் கடல் கிழக்கே. காலையில் கரையிலிருந்து எடுத்தால் கப்பல் வெட்டி ஒட்டிய கருப்புக் காகிதம், சாயங்காலம் நேர்வெயில் விழுந்து தட்டையாகிவிடும். பக்கவாட்டு வெயில், கப்பல் கட்டுகிற எந்த மேடையில் (பெர்த்தில்) எப்போது வரும் என்பதை நின்றுதான் கண்டுபிடிக்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டே நிற்கிற வசதி உங்களுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. சரக்குக்கு வாங்கிய அனுமதி கப்பலுக்கும் செல்லுமா என்று மட்டும் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 2004-ல் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் இறுகிய பிறகு வெளியில் நிற்கிற என்னைப் போன்றவர்களுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது.

வழியில் உப்பளத்தில் இறங்கினால் ஒன்று. வெள்ளை அம்பாரத்தைக் கண்டு கேமரா மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும், உப்பு சிமெண்ட் மாதிரி விழும். வெளிச்சத்தை ஒரு படி ஏற்றிவிடுங்கள். நிலக்கரிக் குவியலுக்கு நேர் எதிர், இறக்க வேண்டும்.

ஒரு வேலை தருகிறேன். அடுத்த நிலக்கரிக் கப்பல் வந்து கட்டுகிற அன்று, எண்கள் தெரிகிற மாதிரி அணியத்தை ஒரு படம் எடுங்கள். சரக்கெல்லாம் இறக்கிக் கிளம்புகிற அன்று அதே இடத்தில் நின்று இன்னொன்று. முதல் படத்தில் தண்ணீருக்குள் இருந்த எண்களும் சிவப்பு வயிறும் வெளியே வந்திருக்கும். இரண்டையும் அனுப்புங்கள், திருத்தாமல்.