விடை சரி, கேள்விதான் கோளாறு

போன இதழில் ஏதோ ஒரு பதிலின் நடுவே, 2004 முதல் 2013 வரை ஒரு டிவி வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தவன் நான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த வாரம் முழுக்க அதுவே. மூட்டு வலிக்கும் முருங்கைக் கீரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்த அன்பர் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

கே: ‘இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?’ என்று டிவியில் கேட்டு, ‘ஹாக்கி’ என்று சொன்னவருக்குப் பணம் கொடுத்தார்கள். என் மகளின் ஆசிரியையோ அப்படி ஒன்றே கிடையாது என்கிறார். யார் சொல்வது சரி? – வாசகி, ராஜபாளையம்

ப: ஆசிரியை. 2012-ல் லக்னோவில் ஒரு பள்ளி மாணவி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதையே கேட்டார். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய அரசு எழுத்தில் பதில் கொடுத்தது. ‘தேசிய மொழி’ கதையும் இதேதான். அரசியலமைப்பின் 343-வது பிரிவு, தேவநாகரியில் எழுதும் இந்தியை ஒன்றியத்தின் ஆட்சி மொழி என்கிறது. தேசிய மொழி என்று அது எதையும் சொல்லவில்லை.

இப்போது என் வண்டவாளம். அந்த ஹாக்கிக் கேள்வியை நானும் எழுதியிருக்கிறேன், 2007 வாக்கில். ஒவ்வொரு விடைக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும் என்பது எங்கள் விதி. நான் பொறுப்பாக மூன்று காட்டினேன், மூன்றும் போட்டித் தேர்வு கைடு புத்தகங்கள். மூன்றிலும் ஹாக்கி. ஒளிபரப்பாகிச் சில மாதம் கழித்து வேறொரு கேள்விக்காக அதே மூன்றையும் பிரித்து வைத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மூன்றிலுமே தொட்டபெட்டாவின் உயரம் 2367 மீட்டர் என்று இருந்தது. சரியான உயரம் 2637. யாரோ ஒருவர் இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறார். மற்ற இரண்டு பேரும் புள்ளி பிசகாமல் அதைக் காப்பி அடித்திருக்கிறார்கள். அதாவது என்னிடம் இருந்தது மூன்று ஆதாரம் இல்லை, ஒன்றுதான். அதன் பிறகு ஹாக்கியைத் தோண்டிப் பார்த்தேன். அறிவித்த ஆணை என்று ஒரு துண்டுக் காகிதம்கூடச் சிக்கவில்லை. அந்தக் கேள்வி அட்டையைக் கிழித்துப் போட்டேன். வாங்கிய பணத்தை அந்தப் போட்டியாளரிடம் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் கூடாது.

கே: கேள்வி தயாரிப்பதில் கஷ்டமான வேலை எது? – வாசகர், கும்பகோணம்

ப: தப்பு விடை எழுதுவது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சரியான விடை ஒன்றுதான், அது ஏற்கெனவே இருக்கிறது. தப்பு விடை மூன்று வேண்டும். அவை நம்புகிற மாதிரி இருக்க வேண்டும், அதே சமயம் எந்தக் கோணத்திலும் சரியாகிவிடக் கூடாது.

எங்களிடம் உள்ளங்கை அகலத்தில் அட்டைகள் இருக்கும். முன்பக்கம் கேள்வி, நான்கு விடைகள், ஆதாரங்கள் பக்க எண்ணோடு, சரிபார்த்த தேதி, கையெழுத்து. பின்பக்கம் ஒரே ஒரு வரி அச்சடித்திருக்கும்: ‘வேறு எந்த விடை சரியாகலாம்?’ முன்பக்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பின்பக்கம் ஒரு நாளை விழுங்கும்.

ஓர் உதாரணம். இங்கிலாந்தின் ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ நிகழ்ச்சியில் முதன்முதலாகப் பத்து லட்சம் பவுண்டு வென்றவர் ஜூடித் கெப்பல் என்ற பெண்மணி, 2000 நவம்பரில். கடைசிக் கேள்வி, ‘அக்விடைன் நாட்டு எலினாரை மணந்த அரசர் யார்?’ அவர் இரண்டாம் ஹென்றி என்றார், ஜெயித்தார். ஆனால் எலினார் மணந்தது ஓர் அரசரை மட்டும் இல்லை. ஹென்றிக்கு முன்னால் பிரான்ஸின் ஏழாம் லூயிக்கு மனைவியாக இருந்தவர் அவர். வெறும் கேள்வியாக நீட்டியிருந்தால் லூயி என்று சொன்னவருக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். கொடுத்த நான்கு பேருமே இங்கிலாந்து அரசர்கள் என்பதால் கேள்வி தப்பித்தது. எழுதியவர் தன் அட்டையின் பின்பக்கத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்ச் சரக்கு ஒன்று. ‘முதல் தமிழ்ப் பேசும்படம் எது?’ 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்த ‘காளிதாஸ்’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதில் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி பேசியது தமிழ், கதாநாயகன் பேசியது தெலுங்கு. அப்படியானால் அது முழுத் தமிழ்ப் படமா என்று ஒரு பெரியவர் எங்களுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினார். பச்சை மையில், அடிக்கோடுகளோடு. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: ‘1931-ல் வெளியான காளிதாஸ் படத்தில் கதாநாயகியாக நடித்தவர் யார்?’ பெரியவரிடமிருந்து அடுத்த கடிதம் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கே: பார்வையாளர்களிடம் கேட்கும் ‘லைஃப்லைன்’ நம்பகமானதா? கூட்டத்துக்கு என்ன தெரியும்? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ப: கூட்டத்துக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதுதான் வேடிக்கை. நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பது பேருக்குத்தான் விடை தெரியும் என்று வையுங்கள். மீதி எழுபது பேர் குருட்டாம்போக்கில் பட்டனை அமுக்கினால் நான்கு விடைக்கும் ஆளுக்குப் பதினேழு, பதினெட்டு ஓட்டு விழும். சரியான விடைக்கு மட்டும் முப்பதும் பதினேழும் சேர்ந்து நாற்பத்தேழு. திரையில் அந்தக் கம்பம்தான் உயரமாக நிற்கும். அமெரிக்க ‘மில்லியனர்’ நிகழ்ச்சியில் பார்வையாளர்கள் 91 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், போனில் பிடித்த கெட்டிக்கார நண்பர்கள் ஏறக்குறைய 65 சதவீதம்தான்.

ஆனால் எழுபது பேரும் ஒரே தப்பை நம்பினால் கணக்கு கவிழ்ந்துவிடும். பிரான்ஸில் ஒருவருக்கு வந்த கேள்வி: பூமியைச் சுற்றி வருவது எது? சந்திரன், சூரியன், செவ்வாய், வெள்ளி. அவர் குழம்பிப்போய்ப் பார்வையாளர்களைக் கேட்டார். 56 சதவீதம் பேர் சூரியன் என்றார்கள். பாவம், மனிதர் அதையே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கே: ஒரு கோடி ஜெயித்தால் கைக்கு எவ்வளவு வரும்? – வாசகர், ஓசூர்

ப: முப்பது சதவீத வருமான வரி, அதன் மேல் சர்சார்ஜ், செஸ். வருமானம் இல்லாதவருக்கும் இதே விகிதம், கழிவு எதுவும் கிடையாது. கூட்டிப் பார்த்தால் 34 லட்சத்துக்கு மேல் போய்விடும். அதில் முப்பது லட்சத்தைப் பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். மேடையில் தூக்கிக் காட்டும் அந்த மூன்றடிச் செக் படத்துக்குத்தான்.

கே: கேள்வியை முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பார்கள் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், சேலம்

ப: நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1956-ல் ‘ட்வென்ட்டி ஒன்’ என்ற நிகழ்ச்சி. தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த ஹெர்ப் ஸ்டெம்பலைத் தோற்கச் சொன்னார்கள். அவர் இடத்துக்குச் சார்லஸ் வான் டோரன் என்ற பார்க்க லட்சணமான பேராசிரியர் வர வேண்டுமாம். 1955-ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்ற கேள்விக்கு, ‘மார்ட்டி’ என்று சொல்லாமல் வேறு படத்தைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ‘மார்ட்டி’ ஸ்டெம்பலுக்கு உயிரான படம். தெரிந்த விடையை விழுங்கிவிட்டுத் தப்பைச் சொன்னார். தோற்றதைவிட அதுதான் அவருக்கு வலித்தது. 1959-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் வான் டோரன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மறு வருடம் இப்படிச் செய்வதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது.

போட்டியாளரே ஏமாற்றியதும் உண்டு. 2001-ல் இங்கிலாந்தின் அதே ‘மில்லியனர்’ நிகழ்ச்சியில் சார்லஸ் இங்ரம் என்ற ராணுவ மேஜர் விடைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பார். சரியான விடை வரும்போது பின்னால் ஒருவர் இருமுவார். கடைசிக் கேள்வி, ஒன்றுக்குப் பிறகு நூறு பூஜ்யம் போட்டால் வரும் எண்ணின் பெயர். விடை கூகால். பத்து லட்சம் பவுண்டு செக்கை எழுதினார்கள், பணத்தைக் கொடுக்கவில்லை. 2003-ல் நீதிமன்றம் அவரையும் மனைவியையும் இருமியவரையும் குற்றவாளிகள் என்றது.

என் அனுபவம் இவ்வளவு பெரிதில்லை. ஒருநாள் காலை, தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன் ஒரு கூடை பங்கனபள்ளியோடு வந்து நின்றான். அவன் தங்கை அந்த வாரம் ஒளிப்பதிவுக்குத் தேர்வாகியிருந்தாள். “மாமா, கேள்வி எல்லாம் வேண்டாம். எந்தப் பாடம்னு மட்டும் சொல்லுங்க.” நான் “பொது அறிவு” என்றேன். அவன் பேந்தப் பேந்த விழித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு பழத்தையாவது வைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

கே: போட்டிக்குத் தயாராக எதைப் படிக்கலாம்? தமிழில் கோடி ஜெயித்தவர் யாராவது உண்டா? – வாசகி, திண்டுக்கல்

ப: உண்டு. 2020 ஜனவரியில் ‘கோடீஸ்வரி’ நிகழ்ச்சியில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா ஜெயித்தார். செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர். நிகழ்ச்சியை நடத்திய ராதிகாவின் உதட்டசைவைப் படித்தே கேள்விகளைப் புரிந்துகொண்டார்.

எதைப் படிப்பது? கைடு புத்தகத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இந்திய அரசியலமைப்பைப் படியுங்கள். 2000-ல் ‘கோன் பனேகா குரோர்பதி’ என்ற இந்தி நிகழ்ச்சியில் முதல் கோடியை வென்ற ஹர்ஷ்வர்தன் நவாதே சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு வந்த கடைசிக் கேள்வி, நாடாளுமன்ற நடவடிக்கையில் கலந்துகொள்ள இவர்களில் யாருக்கு அனுமதி உண்டு என்பது. விடை அட்டர்னி ஜெனரல், 88-வது பிரிவு. பேசலாம், ஓட்டுப் போட முடியாது. அப்புறம் அன்றாடம் செய்தித்தாள். ஏன் என்றால் விடைகளுக்கும் தேதி உண்டு. 2006 ஜூலையில் ‘சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள்கள்?’ என்று கேட்டு, ‘ஒன்பது’ என்ற பதிலைச் சரி என்று ஒளிப்பதிவு செய்து வைத்தோம். ஆகஸ்ட் 24-ல் பிராக் நகரில் வானியலாளர்கள் கூடி ஓட்டெடுத்துப் புளூட்டோவை நீக்கிவிட்டார்கள். எங்கள் ஒளிபரப்போ செப்டம்பரில். கடைசியில் திரையின் அடியில் ஒளிப்பதிவுத் தேதியை ஓடவிட்டுச் சமாளித்தோம்.

கே: இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் போட்டியில் கலந்துகொள்ளவில்லை? – வாசகர், காரைக்குடி

ப: வேலையில் இருந்தவரை அனுமதி இல்லை, குடும்பத்தாருக்கும் சேர்த்து. வேலையை விட்ட பிறகு ஒரே ஒருமுறை கலந்துகொண்டேன், 2023 பொங்கலுக்கு எங்கள் கூடுவாஞ்சேரிக் குடியிருப்பில். கடைசிச் சுற்றில் நானும், மூன்றாம் மாடியில் இருக்கும் ஏழாவது படிக்கும் பெண்ணும். தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள் என்று கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் 32 என்றேன். நான் அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தேன், இரண்டு ஆதாரத்தோடு. அந்தப் பெண் நிதானமாக 38 என்றாள். அதோடு விடாமல், “தாத்தா, நாம இருக்கறதே செங்கல்பட்டு மாவட்டம், 2019-ல பிரிச்சாங்க” என்றாள். பரிசு ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர், மூன்றடுக்கு. லிஃப்ட் வேலை செய்யாததால் மூன்றாம் மாடி வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.