பெரிய சபைகளும் சிறிய கூட்டங்களும்

கேள்வி: தலைமுறைகளாக நாங்கள் மெதடிஸ்த சபையினர். என் மகள் இப்போது ஆயிரக்கணக்கானோர் கூடும் ஒரு சுவிசேஷ சபைக்குப் போகிறாள். பாட்டும் மேடை விளக்குகளும்தான் இளைஞர்களை இழுக்கின்றனவா? இத்தகைய சபைகள் இவ்வளவு வளர்வது ஏன்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, பாட்டைக் கேட்டு முதல் ஞாயிறு ஒருவர் வரலாம். ஆனால் அவரை அங்கேயே தங்கவைப்பது வாரநாள் வீட்டுக் கூட்டம். தென்கொரியாவின் சோல் நகரில் போதகர் டேவிட் யோங்கி சோ 1958இல் ஒரு சிலருடன் தொடங்கிய யொயிடோ முழுநற்செய்திச் சபை, பிற்காலத்தில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர்களைக் கொண்டதாகச் சொல்லப்பட்டது. 1964இல் வேலைப்பளுவால் நோயுற்று விழுந்த சோ, அதன்பின் சபையைச் சிறு சிறு வீட்டுக் குழுக்களாகப் பிரித்து, அவற்றின் தலைமையைப் பெரும்பாலும் பெண்களிடம் ஒப்படைத்தார். கிராமத்து மக்கள் திரளாகச் சோலுக்குக் குடிபெயர்ந்த காலம் அது. சொந்தபந்தம் இல்லாத நகரில் அந்தக் குழுக்களே அவர்களுக்கு உறவாயின.

கொழும்பிலும் இதையே காண்கிறோம். ஹட்டனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வேலைக்கு வந்து போர்டிங்கில் தங்கியிருக்கும் ஒரு பெண், ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் இருந்துவிட்டு எவருக்கும் தெரியாமல் போய்விடலாம். ஆனால், யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில் பத்துப் பேர் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து ஜெபித்து, பிளேன்டீ குடித்துக் கலையும் புதன்கிழமைக் கூட்டத்துக்கு அவள் வராவிட்டால், அன்றிரவே தொலைபேசியில் விசாரிப்பார்கள். பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்றால் மறுநாள் சோற்றுப் பார்சலுடன் போய் நிற்பார்கள்.

இது உங்கள் சபைக்குப் புதியதல்ல. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஆலயக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி சேர்ப்பதற்காக, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் மக்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று பிரிக்கப்பட்டார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்கள் ஒவ்வொருவரின் நிலைமையையும் அறிந்து வந்ததைக் கண்ட வெஸ்லி, அதையே ஆன்மிகப் பராமரிப்பின் முறையாக்கினார். 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிஷனரிமாரின் மரபு அது. நம் பழைய சபைகள் பலவற்றில் ஒரு ஞாயிறு முதல் மறு ஞாயிறு வரை ஒருவரை ஒருவர் விசாரிப்பதே அருகிவிட்டது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்கள் கவலையிலும் நியாயம் இருக்கிறது. மெதடிஸ்த போதகர் இடமாற்றம் பெறுவார். அவருக்கு மேல் சபையை ஆளும் மாநாடு உண்டு. பெரிய சபைகள் பலவற்றிலோ தொடங்கியவரே நெடுங்காலம் தலைவராக இருக்கிறார். அவரைக் கேள்வி கேட்க ஆளில்லை. தம் மகனிடமிருந்த பங்குகளைச் சபைப் பணத்தில் அதிக விலைக்கு வாங்கச் செய்த வழக்கில் சோவே 2014இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஆகவே மகளைத் தடுக்காமல், அவளுடைய வீட்டுக் கூட்டத்துக்கு ஒருமுறை நீங்களும் போய்ப் பாருங்கள். கணக்காய்வு அறிக்கை அங்கத்தவர்களுக்குக் கிடைக்கிறதா, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்க இயலாதவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் கேட்டறியுங்கள்.

கேள்வி: இச்சபைகளால் இலங்கையில் கிறிஸ்தவர் தொகை பெருகிவிட்டதா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கத்தோலிக்கர் 6.2 வீதம், ஏனைய கிறிஸ்தவர் அனைவரும் சேர்ந்தே 1.4 வீதம். அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையினரும் அதில் அடக்கம். ஒரு மண்டபம் நிறைவதைக் கண்டு நாடே மதம் மாறுவதாக எண்ணுவது தவறு. அங்கு கூடுவோரில் பலர், மேலே எழுதிய அம்மாவின் மகளைப் போல, வேறு சபைகளிலிருந்து போன கிறிஸ்தவர்களே.