டோஸ் அட்டையும் பீடிக் கட்டும்

கேள்வி: என் கணவருக்கு 51 வயது. கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலையில் 22 வருடமாகக் குழாய் வெல்டர். இதுவரை வாங்கிய மொத்த கதிர்வீச்சு டோஸ் 64 மில்லிசீவர்ட் (உடலில் ஏறிய கதிர்வீச்சின் அளவு) என்று பதிவில் இருக்கிறது. தினமும் ஒரு கட்டு பீடி. இரண்டு மாதமாக வறட்டு இருமல். கதிர்வீச்சால் நுரையீரல் புற்றுநோய் வந்திருக்குமோ? ஸ்கேன் எடுத்தால் இன்னும் டோஸ் ஏறும் என்று மறுக்கிறார்.
- ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: முதலில் இருமலைக் கவனியுங்கள் சகோதரி, டோஸ் கணக்கு நாலு நாள் பொறுக்கும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் காசநோயா என்று பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். கூடவே மார்பு எக்ஸ்ரே. அதில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் இருமல் நிற்காவிட்டால் சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். இதயத்துக்குப் பின்னாலோ விலா எலும்பின் நிழலிலோ இருக்கும் சிறு கட்டி எக்ஸ்ரேயில் தப்பிவிடும். மார்பு சி.டி.யில் ஏறுவது சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட். இத்தனை வருடம் பிளாண்டில் வேலை பார்த்தவர் அதற்குப் பயந்து நிற்பதில் அர்த்தமில்லை. சளியில் ரத்தம், எடை குறைவு, குரல் கம்மல் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் நெஞ்சக நோய் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இனி அந்த 64. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அணுத்துறைத் தொழிலாளர் சுமார் 3,10,000 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. ரத்தப் புற்றுநோய் வகைகள் நீங்கலாக மற்ற புற்றுநோய்களால் இறக்கும் அபாயம், 1,000 மில்லிகிரே (உடல் உறிஞ்சும் கதிரின் அளவு) டோஸுக்கு 52 சதவீதம் கூடுகிறது. காமா கதிருக்கு மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்த விகிதத்தில் 64க்குக் கணக்குப் போட்டால் கூடுதல் 3 சதவீதம் சொச்சம்: கதிரே படாமல் இந்தப் புற்றுநோய்களால் 100 பேர் இறக்கும் இடத்தில் 103 பேர். புகை பிடித்தவர்களால் வந்த கணக்காக இருக்குமோ என்று நுரையீரல் புற்றுநோயைக் கழித்துவிட்டும் பார்த்தார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆக, அபாயம் சிறியது, ஆனால் நிஜம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்து வருடத்துக்கு 100, எந்த ஒரு வருடத்திலும் 30 மில்லிசீவர்ட். அதற்குள் இருந்தால் அபாயமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

புகையிலைப் புகையோ நுரையீரல் புற்றுநோயை 15 முதல் 30 மடங்கு கூட்டுகிறது. மடங்கு, சதவீதம் அல்ல! வெல்டிங் புகையும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும், புற்றுநோயை உறுதியாக உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் இருக்கிறது. பழைய குழாய்களின் ஆஸ்பெஸ்டாஸ் உறையைப் பிரித்திருந்தால் அதுவும் சேரும். பீடியோடு ஆஸ்பெஸ்டாஸ் மிக மோசமான கூட்டு.

அணு வேலையில் நுரையீரலை நேரடியாகத் தாக்குவது பெரும்பாலும் மூச்சோடு உள்ளே போய் ஆல்ஃபா கதிர் வீசும் பொருள்தான். யுரேனியச் சுரங்கத்து ரேடான் வாயு, ரஷ்யாவின் மாயக் அணு ஆலையில் புளூட்டோனியம் என்று தெளிவான உதாரணங்கள் உண்டு. அதனால் மொத்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அவர் வேலை பார்த்த இடத்தின் சுகாதார இயற்பியல் பிரிவில் (கதிர் டோஸைக் கண்காணிக்கும் பிரிவு) உள்டோஸ், அதாவது உடலுக்குள் போன பொருளால் வந்த டோஸ், தனியாக எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். கனநீர் பயன்படுத்தும் அணு உலையில் டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் உண்டு. அதைச் சிறுநீர்ச் சோதனையில் பிடிப்பார்கள். அது உடல் நீரோடு கலந்து, பத்து நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வெளியேறிவிடும், நுரையீரலில் தங்காது. எரிந்த அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்கும் மறுசுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்திருந்தால் மட்டும் புளூட்டோனியம் சோதனை செய்தார்களா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். உடலுக்குள் இருக்கும் கதிரை வெளியிலிருந்து அளக்கும் முழு உடல் கவுண்டரில் அது சரியாகத் தெரியாது.

டோஸை அளக்கச் சட்டையில் குத்தும் டி.எல்.டி. பேட்ஜை வேலையின்போது லாக்கரில் விட்டிருந்தாலோ, ஒப்பந்தக்காரர் மாறும்போது பழைய பதிவு எண் தொடராமல் புது எண் போட்டிருந்தாலோ அந்த 64 குறைத்துக் காட்டும். எல்லாப் பதிவு எண்களும் ஒரே பெயரில் சேர்ந்திருக்கின்றனவா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பீடியைக் கைவிட 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். மருத்துவரிடம் போகும்போது டோஸ் பதிவின் நகலைக் கொண்டுபோங்கள். "பிளாண்டில் வேலை" என்று பொதுவாகச் சொல்லாமல், வெல்டர், எத்தனை வருடம், எந்தப் பகுதி, ஆஸ்பெஸ்டாஸ் உண்டா இல்லையா என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.