தடையற்ற சந்தையில் அரசுக்கு என்ன வேலை?

“அரசு ஒதுங்கி நின்றால் சந்தை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. ஆம்பூரில் எத்தனை ஜோடி செருப்பு தைப்பது, என்ன விலைக்கு விற்பது என்பதை டெல்லியில் உட்கார்ந்து ஓர் அதிகாரி தீர்மானிக்க வேண்டியதில்லை. 1991க்கு முன் உரிமம் கேட்டு அலைந்த காலம் போதும்.

பேரத்தில் உட்காராத மூன்றாம் ஆளுக்கு நட்டம் வரும்போதுதான் சிக்கல். பழைய முறையில் ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகும். உப்பும் குரோமியமும் கலந்து அது கழிவாக வெளியேறும். வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் அந்தக் கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கியது. வாங்கியவருக்குத் தோல், விற்றவருக்கு லாபம். கிணறு கெட்டது பக்கத்து நிலத்துக்காரருக்கு. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இதற்குத் தொழில் சுதந்திரம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது: மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும், கெட்ட நிலத்தையும் நீரையும் சீராக்கும் செலவும் அவருடையதே. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் (அந்தக் காலத்துக்கும் அது சில்லறைதான்).

நீதி வழங்குவது அரசின் கடமை என்று, தடையற்ற சந்தைக்காக வாதிட்ட பொருளியலறிஞர் ஆடம் ஸ்மித்தே 1776இல் எழுதியிருக்கிறார். சந்தையின் ரசிகர்கள் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. அரசை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986 முதலே இருந்தது. அதன்படி ஓர் அதிகார அமைப்பை ஏற்படுத்துமாறு பத்து ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.