துக்க வீட்டில் கொடுத்த பணம் இழப்பீடு ஆகாது

கேள்வி: கோவையில் கட்டட முகப்பில் ஷீட் அடிக்கும் ஒப்பந்தக்காரர் நான். 2025 மார்ச்சில் பூம் லிஃப்ட்டை (நீண்ட கையின் நுனிக் கூடையில் ஆளை உயரே தூக்கும் வண்டி) ஆபரேட்டரோடு வாடகைக்கு எடுத்தேன். கூடை மேலே இருக்கும்போதே அவர் வண்டியை நகர்த்த, சக்கரம் சாக்கடை மூடியில் இறங்கி, என்னிடம் வேலை பார்த்த 30 வயது இளைஞர் தூக்கி எறியப்பட்டு இறந்தார். சம்பளம் 18,000, இ.எஸ்.ஐ. இல்லை. பாதுகாப்பு பெல்ட் கொடுத்தும் மாட்டவில்லை. மனசு கேட்காமல் காரியத்தன்று 5 லட்சம் கொடுத்து, இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். இப்போது இறந்தவரின் மனைவி தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு போட்டிருக்கிறார். இது துரோகமில்லையா?

பதில்: இல்லை. உங்கள் வேலையில், உங்கள் சம்பளத்தில் இருக்கும்போது இறந்திருக்கிறார். வழக்குக்கு அது போதும். பெல்ட் போடாததை, விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் மரண வழக்குக்கு எதிர்வாதமாக வைக்க முடியாது. ஆபரேட்டர் தப்பு என்றால், நீங்கள் கட்டிய பிறகு லிஃப்ட் உரிமையாளரிடம் வசூலிக்க 13-ஆம் பிரிவு இருக்கிறது. வாடகைச் சீட்டையும் அன்றைய போட்டோக்களையும் பத்திரப்படுத்துங்கள்.

என்னை உறுத்துவது அந்த 5 லட்சம்தான். பிரிவு 8-ன்படி, மரணத்துக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் டெபாசிட் செய்ய வேண்டும். குடும்பத்தின் கையில் கொடுத்தது இழப்பீடாகவே கருதப்படாது. மூன்று மாதச் சம்பள அளவு முன்பணம் மட்டும் கழியும். உரிமையை விட்டுக்கொடுத்த பத்திரம் 17-ஆம் பிரிவில் செல்லாது. நல்ல மனசோடு கொடுத்துவிட்டு இரண்டாம் முறையும் கட்டிய முதலாளிகள் என் அலுவலகத்திலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். சம்பளம் 15,000-க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 15,000 என்றுதான் எடுப்பார்கள். அதில் பாதி 7,500. சட்ட அட்டவணையில் 30 வயதுக்கான காரணி, அதாவது பெருக்க வேண்டிய எண், 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். விபத்து நாளிலிருந்து 12 சதவீத வட்டி, வருஷத்துக்கு 1,87,000-க்கு மேல். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டாவிட்டால் அசலில் 50 சதவீதம் வரை அபராதம். டபிள்யூ.சி. பாலிசி (தொழிலாளர் இழப்பீட்டுக்கான காப்பீடு) இருந்தால் அசல் காப்பீட்டுக் கம்பெனி தலையில் விழும். வட்டி பாலிசியின் நிபந்தனையைப் பொறுத்தது. அபராதம் உங்கள் கையிலிருந்துதான். மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்பீர்கள். தீர்ப்புத் தொகையைக் கட்டிய சான்று இல்லாமல் ஹைகோர்ட் அந்த மனுவை எடுக்காது.

அதனால் சண்டை போடாதீர்கள். பாலிசி இருந்தால் இன்றே கம்பெனிக்கு எழுதுங்கள். இல்லையென்றால் கடன் வாங்கியாவது அசலை அடுத்த வாய்தாவுக்குள் டெபாசிட் செய்துவிட்டு, அபராதத்தைத் தவிர்க்கும்படி கேளுங்கள். தானாக வந்து கட்டியவருக்கு அங்கே மரியாதை உண்டு. பணத்தைப் பங்கிடுவது ஆணையரின் வேலை. 5 லட்சத்தைத் திருப்பிக் கேட்டு அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்பாதீர்கள்.