போர்டு மாறிய ஷோரூம், கையில் இருக்கும் ரசீது

கேள்வி: ஐயா, வணக்கம். திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். மதுரையில் பல வருடமாக ஒரே குடும்பம் நடத்திவந்த கார் ஷோரூமில் 25,000 ரூபாய் கட்டி புக் செய்தோம். என் அண்ணன் போன வருடம் வாங்கிய காரும் அங்கே எடுத்ததுதான். எங்கள் வண்டி வருவதற்குள், ஊர் ஊராகக் கிளை போட்டுவரும் பெரிய கம்பெனி ஒன்று அந்த ஷோரூமை எடுத்துக்கொண்டது. போர்டு மாறிவிட்டது. “பழைய ஓனரிடம் கட்டிய பணத்தை அவரிடமே கேளுங்கள், எங்களிடம் புதிதாக புக்கிங் போடுங்கள்” என்கிறார்கள். அண்ணன் காருக்கு இன்னும் பாக்கி இருக்கும் ஃப்ரீ சர்வீஸ், வாரன்டி எல்லாம் என்ன ஆகும்?

பதில்: அம்மா, முதல் வேலையாகப் பணம் கட்டிய ரசீதையும் புக்கிங் படிவத்தையும் எடுத்து மேசையில் வையுங்கள். போர்டில் இருக்கும் பெயரை மறந்துவிடுங்கள். ரசீதின் தலைப்பில் யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ, அவர்தான் உங்களிடம் பணம் வாங்கியவர். அந்தப் பெயருக்குக் கீழே ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண்.

இப்போது ஷோரூமுக்குப் போய், புது கம்பெனி போடும் பில் அல்லது கொட்டேஷன் ஒன்றை வாங்கி, அந்தப் பத்து எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், வந்தவர்கள் பழைய கம்பெனியையே பங்குகளோடு வாங்கியிருக்கிறார்கள். முதலாளிதான் மாறியிருக்கிறார், கம்பெனி அதேதான். அப்படியானால் “பழைய ஓனரிடம் கேளுங்கள்” என்பது பச்சைப் பொய். உங்கள் 25,000 ரூபாய்க்கு அவர்களே பொறுப்பு. எழுத்துகள் வேறாக இருந்தால் இடம், ஆட்கள், டீலர்ஷிப் ஆகியவை மட்டும் கைமாறியிருக்கின்றன. பாக்கி புக்கிங் யார் தலையில் என்பது அவர்களுக்குள் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த ஒப்பந்தத்தை நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. பழையவர், புதியவர் இருவர் பெயரையும் போட்டு, ஸ்பீடு போஸ்ட்டில் ஒரே கடிதம் அனுப்புங்கள். நகல் ஒன்று கார் தயாரிக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு. “டீலர் வேறு, நாங்கள் வேறு” என்று அவர்கள் பதில் போடலாம். ஆனாலும் தயாரிப்பாளர் சம்மதிக்காமல் டீலர்ஷிப் கைமாறாது. அதனால் அங்கிருந்து ஒரு போன் வந்தாலே ஷோரூமில் பேச்சு மாறும். பல பேர் விஷயத்தில் இதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அடுத்தது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தாலும் கொச்சியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான புக்கிங் படிவங்களில் “டெலிவரி அன்றைய விலையே பொருந்தும்” என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அது உங்கள் படிவத்தில் இருந்தால், புக்கிங் அன்றைய விலைக்கே வண்டி வேண்டும் என்று கேட்பது கஷ்டம். பணத்தையோ வரிசையில் உங்கள் இடத்தையோ அழுத்திக் கேளுங்கள்.

அண்ணன் கார் பற்றிக் கவலை வேண்டாம். வாரன்டியும் ஃப்ரீ சர்வீஸும் கொடுத்தது தயாரித்த கம்பெனி, ஷோரூம் அல்ல. சேஸிஸ் எண்ணைச் சொன்னால் அந்த பிராண்டின் எந்த அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்பிலும் செய்து தர வேண்டும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது நம் பக்கத்தில் எத்தனை பேர் பதறினார்கள்! அப்போதும் சர்வீஸ், உதிரிபாகம், வாரன்டி தொடரும் என்று பொறுப்பேற்றது தயாரித்த கம்பெனிதான்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஷோரூம் தன் பெயரில் விற்கும் பேக்கேஜ்கள்தான் அது. எனக்கே நடந்தது. டெஃப்லான் கோட்டிங் மூன்று தடவை செய்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, ரோஸ் நிற அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் நீல மையில் சீல் விழுந்தது. இரண்டாவது தடவை போனபோது ஷோரூம் கைமாறியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இது எங்க கம்பெனி அட்டை இல்லையே” என்றார். மற்ற இரண்டு கட்டமும் இன்றுவரை வெறுமையாகவே கிடக்கின்றன. உங்கள் அண்ணன் எக்ஸ்டெண்டட் வாரன்டி எடுத்திருந்தால், அந்தச் சான்றிதழில் தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா, ஷோரூம் பெயர் இருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன் சார். ஒரே மாடலுக்கு மூன்று ஷோரூமில் விலை கேட்டேன். மூன்றிலும் தள்ளுபடி ரூபாய் பிசகாமல் ஒன்றுதான். பேசி வைத்துக்கொண்டார்களா? பல கிளை உள்ள பெரிய கம்பெனியில் வாங்கினால் மலிவாகக் கிடைக்கும் என்கிறார் மாமா. உண்மையா?

பதில்: தம்பி, மூன்று கொட்டேஷனிலும் மேலே சொன்ன பத்து எழுத்தைப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் நீங்கள் ஒரே கடையில் மூன்று முறை விலை கேட்டிருக்கிறீர்கள். பல கிளை போடும் இந்தச் சங்கிலிக் கம்பெனிகள் வளர வளர இதுதான் நடக்கிறது. போர்டுகள் பெருகுகின்றன, போட்டி குறைகிறது. வேறு முதலாளியின் ஷோரூம் திண்டுக்கல்லிலோ விருதுநகரிலோ இருந்தால் பஸ் ஏறிப் போய் ஒரு கொட்டேஷன் வாங்கி வாருங்கள். அந்த ஒற்றைத் தாளுக்கு இருக்கும் மதிப்பு மணிக்கணக்கில் பேரம் பேசினாலும் வராது.

எழுத்துகள் வேறாக இருந்தும் தள்ளுபடி ஒன்றே என்றால், கட்டுப்பாடு மேலிருந்து வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்று கட்டுப்படுத்தியதாக, 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது. உங்கள் மூன்று ஷோரூமிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படி நடக்க முடியும் என்பதற்கு அந்த உத்தரவு சான்று.

பெரிய கம்பெனி என்றாலே மோசம் என்றும் நினைக்காதீர்கள். மதுரைக்காரர்களுக்கு இந்த வளர்ச்சி புதிதா என்ன? 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே தொடங்கிய டி.வி.எஸ். பஸ் ஓட்டியது, ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி விற்றது, பழுது பார்த்தது, பாகம் செய்தது. இன்றும் நகரில் ஒரு பகுதிக்கே அந்தப் பெயர். வண்டி ஓட்டி, கழற்றி மாட்டிப் பழகிய கை பிறகு விற்கவும் வந்தது. இப்போதைய சங்கிலிகள் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டன. லேண்ட்மார்க் கார்ஸ் 2022-இல், கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் பரவிய பாப்புலர் வெஹிக்கிள்ஸ் 2024-இல். பங்குச்சந்தைக்கு வந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். புது கார் விற்பதில் லாபம் மெலிசு. சர்வீஸ், இன்சூரன்ஸ், கடன் கமிஷன், பழைய கார், அக்சஸரீஸ் ஆகியவைதான் தாங்கிப்பிடிக்கின்றன. விற்பனைப் பையன் காரைவிட அக்சஸரீஸ் ‘கிட்’டைப் பற்றி அதிகம் பேசினால், அவனுக்கும் அதில் டார்கெட் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அவனிடம் கோபப்பட வேண்டாம்.

அதனால் தள்ளுபடியை மட்டும் பார்க்காமல் கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள். ‘ஹேண்ட்லிங்’ அல்லது ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்று ஒரு தொகை இருந்தால், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். வண்டி ஷோரூமுக்கு வந்துசேரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே அடக்கம். இன்சூரன்ஸை அங்கேயே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2018 செப்டம்பர் 1 முதல் புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்; சொந்த சேதத்துக்கான காப்பீடு ஒரு வருடத்துக்குப் போதும். அதே வண்டிக்கு, அதே காப்பீட்டுத் தொகைக்கு வெளியே ஒரு விலை கேட்டு வாங்கி, அதை ஷோரூம் மேசையில் வையுங்கள். பெரும்பாலும் அவர்களே இறங்கி வருவார்கள். கார் 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்று 1 சதவீதம் சேரும்; ஷோரூம் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி அது. அது உங்கள் பான் கணக்கில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பலர் அதைச் செலவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், வயிறு எரிகிறது.

கடைசியாக, விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இல் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். முழுப்பணம் கட்டும் முன் அந்த மாதத்தைக் கேளுங்கள். பல கிளை இருந்தால், இன்னொரு ஊர் யார்டில் வெயிலில் கிடந்த வண்டி உங்களுக்கு வந்துசேரவும் கூடும்.

கேள்வி: பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் கோயம்புத்தூரில் சிக்னலை மீறியதாக என் போனுக்கு அபராத மெசேஜ். நான் மதுரையை விட்டே போகவில்லை. (பழங்காநத்தம் வாசகர்)

பதில்: ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. அபராதம் சின்ன விஷயம். அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டால்? பதிவில் யார் பெயரோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று, பல கை மாறிய ஒரு வண்டியின் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்றே ஷோரூமுக்கும் ஆர்டிஓ அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள், வண்டியை ஒப்படைத்த ஆதாரத்தின் நகலோடு. அபராதத்தையும் அதே ஆதாரத்தைக் காட்டி ஆட்சேபியுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல், போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் ஆன்லைனில் தகவல் பதிய வழி இருக்கிறது. பதிந்துவிட்டால் அதன் பிறகான பொறுப்பு டீலருடையது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: அந்தப் பதிவின் நகல் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஒப்படைப்புச் சீட்டில் தேதியோடு மணியையும், மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டரையும் எழுதி, சீலோடு வாங்குங்கள்.