வைக்கோலும் மழையும்: மலேசிய மாடு வளர்ப்போர் கேள்வி-பதில்

கே: மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை பத்துப் பசுக்களுக்கு எவ்வளவு வைக்கோல் சேர்க்க வேண்டும்? (நிபோங் தெபால்)

மாட்டின் எடையைச் சொல்லாமல் தீவனக் கணக்குக் கேட்காதீர்கள். 400 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு நாளைக்கு, ஈரத்தைக் கழித்த கணக்கில், 10 கிலோ தீவனம் வேண்டும். அதில் வைக்கோல் 4 கிலோ. மிச்சம் புல்லும் செம்பனைப் புண்ணாக்கும். மூன்று மாதம் என்பது 90 நாள்தான். ஆனால் ஏப்ரலில் மழை திரும்பிய மறுநாளே புல் வந்துவிடாது. நேப்பியர் என்ற தீவனப் புல் வெட்டுக்கு வர ஆறு வாரமாகும். ஆக 130 நாள், பத்து மாட்டுக்கு 5.2 டன். சேதாரத்தையும் சேர்த்தால் ஆறு டன்.

கே: பத்து மாட்டுக்கு 300 கட்டு வைக்கோல் வாங்கினேன், ஒரு மாதம் முன்னாலேயே தீர்ந்துவிட்டது. மாடு அதிகம் தின்கிறதா? (புக்கிட் மெர்தாஜாம்)

மாட்டின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் எடை போடவில்லை. கட்டு என்பது அளவே இல்லை என்று எத்தனை முறை எழுதுவது! 15 கிலோ என்று நம்பி 300 கட்டு இறக்கினால் 4.5 டன். தளர்வாகக் கட்டி 11 கிலோதான் இருந்தால் 3.3 டன். குறைகிற 1.2 டன், பத்து மாட்டுக்குச் சரியாக முப்பது நாள் தீவனம். உங்கள் ஒரு மாதம் போன இடம் அதுதான்.

லாரி நிற்கும்போதே மேல், நடு, அடி என்று பத்துக் கட்டு எடுத்துத் தொங்கு தராசில் மாட்டுங்கள். எடை கூடுதலாக வந்தாலும் மகிழாதீர்கள், அது ஈரமாக இருக்கலாம். 30 சதவீத ஈரமென்றால் நூறு கிலோவில் 30 கிலோ தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். கட்டின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி உருவி முறுக்குங்கள். நொறுங்காமல் வளைந்தால் ஈரம். சந்தேகமா? துண்டாக நறுக்கி, உலர்ந்த கண்ணாடி ஜாடியில் போட்டு, இரண்டு தேக்கரண்டி உப்புத் தூள் சேர்த்து இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள். வியாபாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கே: தார்ப்பாய் போட்டு மூடிய வைக்கோல் போரில் ஆவி வருகிறது. (ரவாங்)

ஈரக் கட்டை அடுக்கி, காற்றுப் புகாமல் மூடியதன் பலன். இரும்புக் கம்பியை நடுவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து இழுங்கள். கையில் பிடிக்க முடிந்தால் உடனே பிரித்துப் பரப்புங்கள். பிடிக்கவே முடியாத சூடென்றால் பிரிக்காதீர்கள். காற்றுப் பட்டதும் தீப்பற்றும். மாடுகளை அவிழ்த்து அப்புறப்படுத்திவிட்டு பொம்பாவை (தீயணைப்புப் படையை) கூப்பிடுங்கள். இனிமேல் அடியில் பலகை, சுவரிலிருந்து ஒரு முழம் இடைவெளி, தார்ப்பாய் மேலே மட்டும்.

கே: நேப்பியரைக் காயவைத்துச் சேமிக்கலாமா? (காஜாங்)

உங்கள் பக்கத்துப் பிற்பகல் இடிமழை விடாது. அந்தத் தடித்த தண்டு காய நாலு நாள் நல்ல வெயில் வேண்டும். சைலேஜ் போடுங்கள், அதாவது பச்சைப் புல்லைக் காற்றுப் புகாமல் புளிக்கவையுங்கள். ஆறு வாரப் புல்லை வெட்டி அரை நாள் வாடவிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டராக நறுக்கி, நூறு கிலோவுக்கு 3 கிலோ மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) கலந்து, 200 லிட்டர் நீல டிரம்மில் ஒவ்வொரு அடுக்காக மிதித்து இறுக்குங்கள். மூடி இறுகினால்தான் வேலை முடிந்தது. நாலு வாரம் கழித்துத் திறந்தால் ஊறுகாய்ப் புளிப்பு மணம் வரவேண்டும். அழுகல் நாற்றமென்றால் காற்றுப் புகுந்திருக்கிறது, கொடுக்காதீர்கள்.

கே: வைக்கோலில் யூரியா எவ்வளவு?

எத்தனை கிலோ வைக்கோலுக்கு என்று எழுதவில்லை. 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, பிளாஸ்டிக்கில் மூன்று வாரம் மூடி வையுங்கள். ஆறவிட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். கரையாத யூரியாவை மேலே தூவினால் மாடு செத்துவிடும்.

கே: பூஞ்சை பிடித்த கட்டை வெயிலில் உலர்த்திப் போடலாமா? (பாலிக் பூலாவ்)

கூடாது. உலர்ந்தாலும் நஞ்சு போகாது. சினை மாடு கருக்கலைக்கும். எருக்குழியில் தள்ளுங்கள்.